ஒரு வரியும் விடாமல் வாசித்தவர்

கல்யாணக் கார்டு ஒன்றைக் கையில் கொடுத்தால், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரையும் வாசித்து முடித்த பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்ப்பார். கார்டு கொடுக்க வந்தவர்கள் அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வாசலில் ஒற்றைக்காலில் நிற்பார்கள். மருந்துப் போத்தல் வாங்கினாலும் அப்படித்தான். ஒரு தடவை என் மனைவிக்கு இருமல் மருந்து வாங்கி வந்தவர், எத்தனை கரண்டி குடிக்க வேண்டும் என்பதில் தொடங்கி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது வரை சத்தமாக வாசித்தார். எங்கள் மலையூர் கந்தப்பளையில் குளிராத இடம் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. அதில் எழுதியிருக்கிறது, அதனால் வாசித்தேன் என்றார்.

தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் டவுனில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் கிளாக்கர் ஐயாதான். நான் மரக்கறி லொறி வைத்திருப்பவன். லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போய்வருவது என் தொழில். அவர் ஓய்வு பெற்றுத் தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது சாமான் ஏற்ற என் லொறிதான் போனது. எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு மேலே வாடகைக்கு வந்தார். மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் மாத்தளையில். பின்னேரங்களில் பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் அவரும் நானும் ஒரே வாங்கில் உட்காருவோம். அவர் பத்திரிகை வாசிப்பார், நான் கேட்பேன். அவர் கிறிஸ்தவர், நான் முஸ்லிம். அது இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அதைப் பற்றிப் பேச வேண்டி வரவில்லை.

அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு முதலில் சொன்னவர், அவரோடு அதே தோட்டத்தில் மலையை மேற்பார்த்த பழைய கண்டாக்கு ஒருவர். ஒருநாள் காலையில் தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒரு அறிவித்தலை வாசிக்கச் சொல்லித் துரை இவரிடம் கொடுத்திருக்கிறார். வயது போனவர்கள் முன்கூட்டியே வேலையிலிருந்து விலகுவது பற்றிய கடிதம். இங்கிலீசில் இரண்டு தாள். இவர் தமிழில் சொல்ல வேண்டும். பனியில் நிற்கிறார்கள், முதல் தாள் போதும் என்று துரை சொல்லியிருக்கிறார். முதல் தாளில் எந்தத் தேதியில் விலகுவது, எங்கே கையெழுத்து வைப்பது என்பதெல்லாம் இருந்தது. விருப்பம் இல்லாதவர்கள் தொடர்ந்து வேலை செய்யலாம் என்பது இரண்டாவது தாளில் இருந்தது. இவர் முதல் தாளை வாசித்துவிட்டு அதைத் திருப்பி அடியில் வைத்துக்கொண்டு, இரண்டாவது தாளை அதே குரலில் வாசித்திருக்கிறார். அதுவரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற வயதான பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு மலை ஏறிவிட்டார்கள். அடுத்த மாதம் இவரைத் தூரத்து டிவிசனுக்கு மாற்றினார்கள். பெரிய கிளாக்கர் பதவி கடைசி வரை வரவில்லை.

இதைப் பற்றி ஒருநாள் கேட்டேன். அவருக்கு அது பெரிய காரியமாகவே தெரியவில்லை.

"ரெண்டு தாளும் ஒரே கடிதம்தானே நானா," என்றார். முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கம் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

டீசலுக்காக லொறிகள் மைல் கணக்கில் வரிசையில் நின்ற வருஷம் அது. நானும் இரண்டு நாளாக வரிசையில் இருந்தேன். ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது என் வலது கண்ணில் மேலிருந்து ஒரு கறுப்புத் துணி இறங்குவது போல் தெரிந்தது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. இடது கண் எனக்குச் சிறு வயதிலிருந்தே மங்கல். கண்டிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே இருக்கும் திரை கழன்றிருக்கிறது என்று ஆபரேஷன் செய்தார்கள். கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழை வைத்திருக்கிறோம், அது சரியான இடத்தில் அழுத்த வேண்டும், அதனால் மூன்று கிழமைக்கு, அதாவது இருபத்தொரு நாளைக்கு, முகம் நிலத்தைப் பார்த்தபடியே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சாப்பாடும் அப்படித்தான், தூக்கமும் அப்படித்தான். தலையை நிமிர்த்தினால் பார்வை போய்விடலாம்.

வீட்டுக்கு வந்ததும், கட்டில் விளிம்பில் நெற்றியைத் தாங்க ஒரு சுருட்டிய தலையணை. அதற்குக் கீழே சிமெந்துத் தரை. மூன்று கிழமை நான் பார்த்த உலகம் அவ்வளவுதான். யார் வந்தாலும் பாதங்கள்தான் தெரியும், அதுவும் இடது கண்ணுக்கு மங்கலாக. முதல் இரண்டு நாள் சொந்தக்காரர்கள் வந்தார்கள். குனிந்து கிடக்கிறவனோடு எவ்வளவு நேரம் பேச முடியும்? அல்லாஹ் லேசாக்கி வைப்பான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் பின்னேரம், கம்பளிக் காலுறை போட்ட இரண்டு பெரிய பாதங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பத்திரிகை விரியும் சத்தம் கேட்டது. நலம் விசாரிக்காமலே அவர் முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

தினமும் வந்தார். மரக்கறி விலை, மழை, மரண அறிவித்தல், வீடு விற்பனைக்கு என்று எல்லாவற்றையும் வாசித்தார். ஆனால் நாட்டில் அப்போது கடதாசியும் தட்டுப்பாடு. பத்திரிகை மெலிந்துகொண்டே வந்தது. ஒருநாள் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அவர் எழுந்து போகவில்லை. காலை ஒன்றின் மேல் ஒன்று போட்டார், எடுத்தார்.

"நானா, பேப்பர் முடிஞ்சிருச்சு. பையில என்னோட வேதப் புத்தகம் இருக்கு. வாசிக்கவா?" என்றார். நான் பதில் சொல்லும் முன், "ஒளிக்காம சொல்லிடுறேன். நீங்க அத ஒரு தடவையாவது கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. வேணாம்னா வேணாம். நாளைக்கும் பேப்பரோட வருவேன்," என்றார்.

ஆசையை ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதே நேரம் கொஞ்சம் உறுத்தவும் செய்தது. எழுந்து போக முடியாத மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது என்று. அதனால் நானும் ஒன்று கேட்டேன். எங்கள் வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு, தர்ஜுமா என்று சொல்வோம், அலுமாரியில் பெரிய புத்தகமாக இருந்தது. அதை நான் பாதி வாழ்க்கையாக நாளைக்கு வாசிக்கலாம், நாளைக்கு வாசிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

"உங்கட புத்தகத்த வாசிங்க, கேக்கிறேன். ஆனா எங்கட தர்ஜுமாவையும் நீங்கதான் வாசிக்கணும். எனக்கு இப்ப எழுத்துப் பார்க்க ஏலாது," என்றேன்.

பின்வாங்குவார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டதெல்லாம் எந்தப் பக்கத்திலிருந்து என்பதுதான். முதலிலிருந்து என்றேன். ஒரு நாள் அவருடைய புத்தகம், ஒரு நாள் எங்களுடையது என்று முடிவாயிற்று.

மறுநாள் அவர் அலுமாரியைத் திறக்கப் போனபோது என் மனைவி குறுக்கே நின்றாள். ஒளு செய்யாமல் அதைத் தொட விடமாட்டேன் என்றாள். தொழுகைக்கு முன் நாங்கள் கை, வாய், முகம், கால் என்று முறைப்படி கழுவுவதுதான் ஒளு. வெறும் மொழிபெயர்ப்புக்கு அது கட்டாயமில்லை என்று நான் கட்டிலிலிருந்து சொன்னேன். அவள் கேட்கவில்லை. வந்த மனிதரை இப்படி நிறுத்தி வைத்துவிட்டாளே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் பையிலிருந்து பேனையை எடுத்து, "எது முதல்ல, எது பொறகுன்னு சொல்லுங்க தங்கச்சி," என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டார். பிறகு பின்பக்கக் குழாயடிக்குப் போய், அந்தக் கடதாசியைப் பார்த்துப் பார்த்துக் கழுவினார். அந்த மாதத் தண்ணீர் எங்கள் ஊரில் கத்தி மாதிரி இருக்கும். வந்து உட்கார்ந்தபோது அவருடைய வெறுங்கால்கள் சிவந்து போயிருந்ததைப் பார்த்தேன். தர்ஜுமாவைத் திறந்து, முன்னால் இருந்த பதிப்புரையிலிருந்து தொடங்கினார்.

நாலு முறை வாசிப்பு நடந்திருக்கும். அதற்கடுத்த முறை அவர் குழாயடிக்குப் போனபோது, என் மனைவி வெந்நீர்ச் செம்போடு அங்கே நின்றாள்.

அவருடைய புத்தகத்தில் லூக்கா எழுதிய பகுதியிலிருந்து தொடங்கினார். வாசித்துவிட்டுப் பிரசங்கம் செய்வார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். செய்யவில்லை. மரக்கறி விலையை எந்தக் குரலில் வாசித்தாரோ அதே குரல்தான். தனக்குப் பிடித்த இடம் வந்தால் உயராது, பிடிக்காத இடம் வந்தால் தாழாது. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்வார். தெரியாவிட்டால், "தெரியல நானா," என்று அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

ஈஸா நபி பிறந்த கதையை, அவர்கள் இயேசு என்று சொல்கிறார்கள், அவர் வாசித்த அன்றைக்கு என் மனைவி சமைக்கும் குசினி வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். மறுநாள் எங்கள் முறை. ஈஸா நபியின் தாய் மர்யமுடைய அத்தியாயத்தை முதலில் வாசிக்கச் சொல்லி அவள் கேட்டாள். வரிசையை மாற்றுவதில் அவருக்கு இஷ்டமில்லை, ஆனாலும் அவளுக்காக மாற்றினார். தனியாகப் போன மர்யம் ஈச்ச மரத்தடியில் வலியோடு இருக்கும் இடம் வந்தது. முடிந்ததும் அவள் வாசலிலிருந்து உள்ளே வந்தாள். பிறகு, நேற்று வாசித்ததில் மாட்டுத் தொழுவம் இருந்தது, இன்றைக்கு ஈச்ச மரம் இருக்கிறது, சரி என்றாள்.

"ஆனா ரெண்டுலயும் அந்தப் புள்ளத்தாச்சிக்குப் பக்கத்துல ஒரு பொம்பள கூட இல்லையே," என்றாள்.

அவள் நாலு பிள்ளை பெற்றவள். கிளாக்கர் ஐயா பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டும் சத்தம் கேட்டது. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு நத்தாருக்கும், அதாவது கிறிஸ்துமஸுக்கும், இதைக் கேட்டு வருகிறேன், ஒரு தடவை கூட எனக்கு இது தோன்றவில்லை என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் முன் அவளிடம் போய் அதற்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

வம்ச வரலாறு வந்த நாள் நான் தூங்கிப்போனேன். இன்னாருடைய மகன் இன்னார் என்று எழுபதுக்கும் மேல் பேர். எவனாக இருந்தாலும் அதைத் தாண்டிப் போயிருப்பான். அடுத்த முறை அவர் புத்தகத்தைத் திறந்து, நீங்கள் குறட்டை விட்ட இடத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன் என்று அங்கிருந்தே தொடர்ந்தார். பேர்கள் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் ஆதாம் வந்தார். இவரை எனக்குத் தெரியும் என்றேன் நான். வாசிப்பை நிறுத்தி அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். கதிரையும் சேர்ந்து ஆடியது.

இரண்டாவது கிழமையில் ஒரு பிரச்சினை வந்தது. அவர் போகும் சர்ச்சில் யாரோ ஒருவர், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில், வசனத்தை ஏற்றுக்கொண்டு வரும் நமது முஸ்லிம் சகோதரருக்காக நன்றி என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். கந்தப்பளை சின்ன ஊர். திங்கட்கிழமை அது மரக்கறிச் சந்தைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை பள்ளிவாசலுக்குப் போனது. புதன்கிழமை என் மனைவியின் தம்பி, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவன், எங்கள் வீட்டுக்கு வந்தான். கண் போனால் போகட்டும், ஈமானும் போய்விட்டதா என்று கேட்டான். மார்க்க நம்பிக்கையைத்தான் ஈமான் என்போம். குனிந்து கிடந்தபடி ஒரு மனிதன் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. சொல்வதையெல்லாம் தரைக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வரும் நேரம்தான், இருந்து பார் என்றேன். மச்சான் உட்கார்ந்தான்.

அன்றைக்கு எங்கள் முறை. கிளாக்கர் ஐயா வந்தார், மச்சானுக்கு வணக்கம் சொன்னார், குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். மொழிபெயர்ப்புக்கு ஒளு தேவையில்லையே என்றான் மச்சான். தங்கச்சி சொன்னார்கள் என்றார் அவர். அடையாளம் வைத்த இடத்திலிருந்து தொடங்கினார்.

கொஞ்சத் தூரம் போனதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஈஸா நபி சிலுவையில் கொல்லப்படவில்லை, அப்படி ஆட்களுக்குத் தோன்றியது மட்டும்தான் என்று எங்கள் வேதம் சொல்லும் இடம் வரப்போகிறது. மச்சானுக்கும் அது தெரிந்திருந்தது. அவன் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். நாளைக்கு வாசிக்கலாம் ஐயா என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அவர் அந்த வரிக்கு வந்துவிட்டார். வாசித்தார். குரல் உயரவில்லை, தாழவில்லை, ஓடவும் இல்லை. அந்த வரியைத் தாண்டிப் பகுதியின் முடிவு வரை போய், அடையாளக் கடதாசியை வைத்துப் புத்தகத்தை மூடினார்.

"இப்ப வாசிச்சது உங்களுக்கு விளங்கிச்சா ஐயா?" என்று மச்சான் கேட்டான்.

"விளங்கிச்சு தம்பி. நான் நம்புறதுக்கு நேர் எதிரா இருக்கு."

"அப்ப ஏன் வாசிச்சீங்க? இவருக்குத்தான் கண் தெரியாதே. விட்டுட்டுப் போயிருக்கலாமே."

"என் புத்தகத்த நானா முழுசா கேக்கிறாரு. அவரு புத்தகத்த நான் பாதி வாசிச்சா அது களவு தம்பி," என்றார்.

மச்சான் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். நாலைந்து நாள் கழித்து, பெரிய எழுத்தில் அச்சடித்த இன்னொரு தர்ஜுமாவைக் கொண்டுவந்து கொடுத்தான். ஐயாவுக்கும் வயசு போகுது, இந்தப் பொடி எழுத்தில் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றான்.

அந்தப் புதன்கிழமை அவன் போனதும் நான் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டேன். உங்கள் புத்தகத்தில் அந்தச் சிலுவை நாளைப் பற்றி என்ன இருக்கிறது, நாளைக்கு அதை வாசியுங்கள் என்று. அவர் விரலால் பக்கங்களை எண்ணினார். இடையில் இரண்டு அத்தியாயம் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் போக முடியாது என்றார். அப்படியே வரிசையாகப் போனதில் அது ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஊரில் எல்லாரும் ஜும்மாவுக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். வீட்டில் நானும் அவரும்தான், குசினியில் என் மனைவி.

பிடித்துக்கொண்டு போனது, அடித்தது, ஏளனம் செய்தது என்று எல்லாவற்றையும் அந்த ஒரே குரலில் வாசித்துக்கொண்டு வந்தார். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய ஒரு குற்றவாளி, தன்னை நினைத்துக்கொள்ளும்படி இயேசுவிடம் கேட்கிறான். அந்த இடத்தில் குரல் நின்றது.

வரியைத் தேடுகிறார் என்று நினைத்தேன். மறுபடி தொடங்கினார். பாதியில் மறுபடி நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பாதங்கள்தான். வலது காலின் பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தக் கூடாது. கையை நீட்டித் துழாவினேன். எட்டியது அவருடைய கணுக்கால்தான். அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் காலை இழுக்கவில்லை. அப்படியே, உடைந்த குரலில், இன்றைக்கே நீ என்னோடு சுவர்க்கத்தில் இருப்பாய் என்று அவனுக்கு இயேசு சொன்ன பதிலையும் தாண்டி, அத்தியாயத்தை முடிவு வரை வாசித்தார்.

புத்தகத்தை மூடிய பிறகுதான் காரணத்தைச் சொன்னார். அவருடைய மனைவி கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதே பகுதியைத்தான் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இந்த வரியில் இருக்கும்போது அவருடைய கைக்குள் இருந்த அந்தக் கை கனத்துப் போனதாம். அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் எழுந்து நேர்ஸைக் கூப்பிடாமல், அத்தியாயம் முடியும் வரை வாசித்திருக்கிறார். மகள் இன்றைக்கும் அதற்காக அவரைக் கோபிக்கிறாள்.

"அவ முழுசா கேக்கணும்னு தோணிச்சு நானா. கேட்டாளான்னு தெரியல," என்றார்.

இரண்டு கிழமையாக அவர் என்ன வாசிக்கிறார் என்பது எனக்கு விளங்கியிருந்தது. என்ன நம்புகிறார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த மனுஷிக்கு ஒரு இடம் இருக்கிறது, அதைக் கொடுப்பதற்கு ஒருவர் அந்த வலியிலும் சம்மதித்தார் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் இவர் காலையில் எழும்புகிறார். என் நம்பிக்கை அசையவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு விளக்கைத் தெருவில் நின்று பார்ப்பதற்கும், உள்ளே போய் அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சர்ச்சில் நடந்ததை எனக்குச் சொன்னது அங்கே போகும் மரக்கறிக்கார அம்மா. அடுத்த ஞாயிறு, அறிவித்தல் நேரத்தில் கிளாக்கர் ஐயா எழுந்து நின்றிருக்கிறார். போன கிழமை ஜெபத்தில் சொன்னது சரியில்லை, அந்த மனிதர் எதையும் ஏற்றுக்கொண்டு வரவில்லை, நான் வாசிக்கிறேன், அவர் கேட்கிறார், அவருடைய வேதத்தை நானும் அவருக்கு வாசிக்கிறேன், உள்ளது இவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. பாதிரியாரான ஐயர் மட்டும் கூப்பிட்டுக் கை கொடுத்தாராம். இதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை.

மூன்று கிழமை முடிந்து நான் நிமிர்ந்தேன். முதலில் பார்த்தது என் மனைவியை. அவள் அழுதாள். குமிழ் கரைந்து, பார்வை மெல்ல மெல்ல வந்தது. முழுதாக வரவில்லை. லொறி ஓட்ட இப்போது ஒரு டிரைவரை வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டால் எழுத்துத் தெரிகிறது. வாசிப்பும் நிற்கவில்லை. கிழமைக்கு இரண்டு நாள் என்று ஆனது. மச்சானும் சில நாள் வந்து கதவோரம் உட்காருவான். இரண்டு வருஷத்தில் இரண்டையும் பெரும்பகுதி முடித்தோம். அவர் வாயால் நான் பதினைந்து தடவையாவது கேட்டுவிட்டதாக என் மனைவி கேலி செய்யும் கதைகள் உண்டு. நான் கேட்டு அவர் தெரியவில்லை என்று சொன்ன கேள்விகளின் கணக்கும் அவளிடம் உண்டு.

பிறகு அவருக்கு முழங்கால் சரியில்லாமல் போனது. மகள் மாத்தளைக்கு வந்துவிடச் சொன்னாள். இந்த முறையும் என் லொறிதான். டிரைவர், நடுவில் அவர், ஓரத்தில் நான். ரம்பொடைக்குக் கீழே ஒரு கடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். மழை விட்டு வெயில் அடித்தது. டிரைவர் டயர் பார்க்கப் போனான். இருவரும் வாங்கில் உட்கார்ந்திருந்தோம்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நானா, இத்தன நாளும் நான் ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கல. கேக்காமப் போனா அதும் ஒரு மாதிரி ஒளிக்கிறதுதான். நான் வாசிச்சத நீங்க ஏத்துக்கிறீங்களா?"

இரண்டு வருஷமாக நான் பயந்த கேள்வி அதுதான். இல்லை என்று சொன்னால் இவர் செய்ததெல்லாம் வீண் என்று ஆகிவிடுமோ, இந்த வாங்கில் இருந்து எழும்போது நாங்கள் வேறு இரண்டு பேராக இருப்போமோ என்று. ஆனால் அவரிடம் சுற்றி வளைத்துப் பேசவும் மனம் வரவில்லை.

"இல்ல ஐயா. நான் எங்கட மார்க்கத்துலதான் இருக்கேன். ஆனா நீங்க சொல்ல வந்தது எனக்கு முழுசா விளங்கிச்சு. வேற யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்ல," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகம் கறுக்கவில்லை. நீண்ட கணக்கு ஒன்றைச் சரிபார்த்து முடித்தவர் போல மூச்சை விட்டார். விளங்கியதே பெரிய காரியம் என்றார். பிறகு, "ஆனா நான் விட மாட்டேன் நானா. தெனமும் காலையில ஒங்க பேரச் சொல்லி ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். இனியும் கேப்பேன். சொல்லிட்டேன்," என்றார்.

"நானும் அப்படித்தான் ஐயா. பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பொறகு ஒங்கட பேரச் சொல்லி அல்லாஹ்கிட்ட கேக்கிறேன். அந்தக் குளிர்ல கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தீங்களே, அன்றையிலேருந்து."

அது அவருக்குப் புதிது. என்ன கேட்கிறேன் என்றார். நீங்கள் எனக்குக் கேட்பதையேதான் உங்களுக்குக் கேட்கிறேன் என்றேன். அது விளங்க அவருக்கு ஒரு கணம் ஆயிற்று. பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். டிரைவர் திரும்பி வந்து, என்ன விஷயம் என்று கேட்டான். சொன்னாலும் அவனுக்கு விளங்கியிருக்காது.

இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. ஃபோனில் பேசினால் நான் கத்த வேண்டும், அவர் வேறு எதற்கோ பதில் சொல்வார். பெருநாளைக்கு அவர் கூப்பிடுவார், நத்தாருக்கு நான் கூப்பிடுவேன். இரண்டு பேரும் நலம் என்பதைக் குரலில் தெரிந்துகொண்டு வைத்துவிடுவோம்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு கையேந்தும்போது அவருக்காக என்ன கேட்கலாம் என்று முன்பெல்லாம் வார்த்தைகளைத் தேடுவேன். இப்போது பேரை மட்டும் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறேன். மாத்தளையில் அவர் அந்நேரம் விளக்கைப் போட்டிருப்பார்.